கூலன்ட் மாற்றியதாகப் போட்ட பில் குறித்துப் புகார்

பெறுநர்: சர்வீஸ் மேலாளர் அவர்கள்

பொருள்: 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வேலை அரைகுறையாகச் செய்யப்பட்டது தொடர்பாக.

ஐயா,

கடந்த 12ஆம் தேதி ஜாப் கார்டில் "கூலன்ட் முழுதும் மாற்றப்பட்டது" என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். பில்லில் இருப்பது பச்சை நிறக் கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்), 1 லிட்டர் கேன் ஒன்று. வண்டியின் கையேட்டில் கொள்ளளவு 5.6 லிட்டர். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க 2.8 லிட்டர் கான்சன்ட்ரேட் வேண்டும். மீதி 1.8 எங்கே?

வெளியே ரிஃப்ராக்டோமீட்டர் (கலவையின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் கான்சன்ட்ரேட் 40 சதவீதம் காட்டுகிறது. ரேடியேட்டரின் அடி ஹோஸை மட்டும் கழற்றினால் சுமார் 3 லிட்டர்தான் இறங்கும். பிளாக், ஹீட்டர் கோர், டர்போ லைன் மூன்றிலுமாக 2.6 லிட்டர் பழையது தங்கிவிடும். அதில் பாதி, அதாவது 1.3, பழைய கான்சன்ட்ரேட், புதியது 1, ஆக 2.3, 5.6ஆல் வகுத்தால் 41 சதவீதம். கணக்கே சொல்லிவிட்டது.

உள்ளே இருந்தது ரோஸ் நிற ஆர்கானிக் ஆசிட் வகை. ஊற்றியது, கேனில் போட்டிருக்கிறபடி, சிலிகேட் வகை. இரண்டும் கலந்தால் துருத்தடுப்பு மருந்தின் ஆயுள் குறையும், சில சமயம் கொழகொழவென்று படியும். (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பார்க்க வேண்டியது கேனின் பின்பக்கம்.) டேங்க் வாயில் வெள்ளை உப்பு வளையம் வேறு. ஊற்றியது டிஸ்டில்டு வாட்டர் இல்லை, போர் தண்ணீர் என்றே தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய கவலை ஏர் லாக், அதாவது கூலன்ட் ஓடும் வழியில் காற்று அடைத்து நிற்பது. ஐடிலிங்கில் ஹீட்டரில் குளிர்காற்று, ரேஸ் கொடுத்தால் சூடு. டாஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம். எங்கும் ஒழுகல் இல்லை, ஆனாலும் மூன்றே ஓட்டத்தில் டேங்கில் லெவல் MAX கோட்டிலிருந்து MIN கோட்டுக்குக் கீழே. உங்கள் அட்வைசர் சொன்ன பதில்: "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு சார்?" நான் ஹீட்டரைச் சொன்னது குளிருக்காக அல்ல, உள்ளே காற்று நிற்கிறது என்று அது காட்டுவதால். எஞ்சினை அணைத்த பிறகும் எலக்ட்ரிக் பம்ப் கூலன்ட்டை டர்போவுக்குள் சுழற்றும். அந்த லைனில் காற்று நின்றால் பம்ப் சும்மா சுற்றும், பேரிங்கில் உள்ள ஆயில் கருகிக் கரியாகும். ஷாஃப்ட் போனால் டர்போவையே மாற்ற வேண்டும்.

எனவே கூலியில்லாமல் மறுபடி செய்துகொடுங்கள். பிளாக் வரை வடித்து, நிறம் தெளியும்வரை டிஸ்டில்டு வாட்டரால் ஃப்ளஷ் செய்து, கையேட்டில் சொன்ன வகையை வேக்யூம் ஃபில்லரால் (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு நிரப்பும் கருவி) நிரப்ப வேண்டும். அது இல்லையென்றால் ப்ளீட் ஸ்குரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து, குமிழில்லாமல் வரும்வரை மெதுவாக ஊற்றி, மூடியைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடும்வரை விட வேண்டும். லெவலை மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்க வேண்டாம். ஊற்றிய கூலன்ட்டின் பெயரும் லிட்டர் கணக்கும் ஜாப் கார்டில் ஏற வேண்டும்.

வடிக்கும் பழைய கூலன்ட்டில் ஒரு பாட்டில் எடுத்துவையுங்கள். நிறத்தை நேரில் பார்க்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்