வீடு முழுக்க ஒரே பலகை வேண்டாம்: குடியிருப்பாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை விட்டுப் புது வீடுகளுக்குக் குடியேறும் குடும்பங்களின் குடியிருப்பாளர் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே கொன்ட்ராக்டரிடம் கேபினெட் வேலையைக் கொடுத்தால் விலை இறங்கும் என்ற உங்கள் முடிவு சரிதான். சிக்கல் நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் கொட்டேஷன் தாளில் இருக்கிறது. ‘சமையலறை, படுக்கையறை, ஹால் எல்லாம் மரைன் பிளைவுட், 18 மில்லி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு கொன்ட்ராக்டர் எந்தப் பலகையையும் லோரியில் ஏற்றி வரலாம். பிறகு தட்டிக் கேட்க உங்களிடம் பிடி இருக்காது. அவர் நேர்மையானவராக இருந்தால் செலவு வேறு விதத்தில் வரும்: தண்ணீரே படாத ஹால் அலமாரிக்கும் நீங்கள் படகுப் பலகை விலை கொடுப்பீர்கள்.

முதலில் அந்த ‘மரைன்’ என்ற சொல். முறையான மரைன் பிளைவுட் என்பது பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்துக்குச் செய்தது. படகு கட்டுபவர்களுக்கான பலகை. அதில் பசை மட்டுமல்ல, உள்ளே அடுக்கிய ஒவ்வொரு மெல்லிய மர ஏடும் எந்த மரம், ஏடுகளுக்கு நடுவே பொந்து இருக்கிறதா என்பதும் கணக்கு. கடையில் ‘மரைன்’ என்று முத்திரை குத்தி நிற்பதெல்லாம் அதுவல்ல. பெரும்பாலும் தண்ணீர் தாங்கும் பசை போட்ட சாதாரணப் பலகைக்கு வைத்த செல்லப்பெயர். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ‘ஐ.எஸ். 710 இருக்கிறதா’ என்று கேட்பவர்களும் உண்டு. அது இந்தியத் தர எண். இங்கே கடைப்பேச்சு டபிள்யூ.பி.பி., எம்.ஆர். என்றுதான் நடக்கும். உங்கள் தாளிலும் அதையே எழுதுங்கள்.

எம்.ஆர். என்றால் ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. அதில் யூரியா பசை. டபிள்யூ.பி.பி. என்றால் வெயில், மழை, கொதிநீர் மூன்றையும் தாங்கும் பசை. பினோல் பசை என்றால் முதல் தரம், மெலமின் கலந்த யூரியா பசை அதற்கு ஒரு படி கீழே. இரண்டும் ஒரே பெயரில் விற்கும். பினோல் பசை ஏடுகளுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும், யூரியா பசை வெளிறியிருக்கும். ஆனால் பசைக்கே சாயம் கலந்துவிட முடியும் என்பதால் கோட்டின் நிறத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். டபிள்யூ.பி.பி. என்பது பசைக்கான சான்று, மரத்துக்கானது அல்ல. பசை எவ்வளவு நேரம் கொதித்தாலும் பிரியாமல் இருக்கலாம். இரண்டு பசைக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய மரம் ஈரத்தில் மக்கும், பூசணம் பிடிக்கும், கறையானுக்குச் சோறாகும். மெராந்தி, கெருயிங், காப்பூர் ஏடுகள் அடுக்கிய பலகையும், முகத்தில் ஓர் ஏடு நல்ல மரம் வைத்து உள்ளே முழுக்கப் பாத்தாய் என்ற எடை குறைந்த மென்மரம் திணித்த பலகையும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே இருக்கும். தூக்கிப் பாருங்கள். 8க்கு 4 அடி, 18 மில்லி பலகை கெட்டி மரமாக இருந்தால் 30 முதல் 35 கிலோ வரும். பாத்தாய் என்றால் 20 கிலோ சுற்றி நிற்கும், ஒருவரே தோளில் போட்டுப் போய்விடலாம். அது கெட்ட பலகை என்று சொல்லவில்லை. உயரத்தில் தொங்கும் அலமாரிக்கு எடை குறைவது நல்லதுதான். ஆனால் அதில் ஆணி, திருகு பிடிமானம் குறைவு. கதவுக் கீல் மாட்டும் பலகைக்கு அது ஆகாது.

இனி சமையலறை. பணத்தை இங்கே கொட்டுங்கள், அதுவும் கீழ்ப் பாதியில்.

நம் வீடுகளில் வியாழன் மாலையோ வெள்ளி காலையோ அடுப்படித் தரையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். கேபினெட் தரையில் நேராக உட்கார்ந்திருந்தால் எந்தத் தரமான பலகையும் தாங்காது. ஏனென்றால் பலகை தண்ணீர் குடிப்பது முகத்தில் அல்ல, வெட்டிய விளிம்பில். விளிம்பில் ஒன்று விட்டு ஒன்றாக ஏடுகளின் நார் திறந்த வைக்கோல்போல வாய் பிளந்து நிற்கிறது. எனவே கேபினெட்டுக்குக் கீழே 4 அங்குல உயரத்துக்குச் சிமெண்டில் மேடை கட்டி டைல் ஒட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் 100 மில்லி பிளாஸ்டிக் கால்கள். பக்கப் பலகைகளின் அடி விளிம்பு, சிங்க்குக்காக வெட்டிய துளையின் உள்விளிம்பு, குழாய் நுழையும் ஓட்டை, இந்த மூன்றுக்கும் பூட்டுவதற்கு முன்பே இரண்டு கோட் எபோக்ஸியோ எண்ணெய்ப் பெயிண்டோ அடிக்க வேண்டும். பூட்டிய பிறகு தூரிகை அங்கே போகாது. வேலையாட்கள் அவசரத்தில் விடுவது இந்த ஒரு வேலையைத்தான், கேபினெட் முதலில் ஊதுவதும் அங்கேதான்.

சிங்க்குக்குக் கீழே டபிள்யூ.பி.பி. 18 மில்லி, உள்ளும் புறமும் ஃபார்மிகா என்ற மேல் ஒட்டுத் தகடு. ஒரு பக்கம் மட்டும் ஃபார்மிகா ஒட்டினால் வெறும் பக்கம் ஈரம் இழுத்துப் பலகை வில்லாக வளையும். கதவு ஒரு மூலையில் மூடாமல் நிற்பதற்குப் பல நேரம் அதுவே காரணம், கீல் அல்ல. மரச்சில்லையும் மரநாரையும் பசையில் அழுத்திச் செய்யும் சிப்போர்டு, எம்.டி.எஃப். இரண்டையும் சிங்க் பக்கமே அண்டவிடாதீர்கள். அவை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. ‘பிளைவுட் கேபினெட்’ என்று சொல்லி முன் கதவை மட்டும் பிளைவுட்டில் போட்டு உள்கூட்டைச் சிப்போர்டில் முடிப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. தாளில் கதவு, கூடு, தட்டு, முதுகுப் பலகை நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மேல் அலமாரிக்கு எம்.ஆர். போதும். இரண்டு இடம் தவிர. காஸ் அடுப்புக்கு நேர் மேலே உள்ளதன் அடிப்பக்கம் வெறும் பலகையாக இருக்கக் கூடாது. அடுப்புக்கும் அதற்கும் 2 அடிக்கு மேல் இடைவெளி வேண்டும். அடுத்தது சோற்றுக் குக்கர். அதைத் தட்டுக்குள் தள்ளி வைத்தே சமைக்கும் பழக்கம் இருந்தால் தினமும் ஆவி மேல் தட்டில் அடிக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து யூரியா பசையை இணுக்கு இணுக்காகப் பிரிக்கும். குக்கர் நிற்கும் தட்டு வெளியே இழுக்கும் வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் டபிள்யூ.பி.பி. கேளுங்கள்.

எத்தனை பலகை என்பதையும் நீங்களே கணக்குப் போடலாம். 8 அடி நீளம், 720 மில்லி உயரம், 560 மில்லி ஆழம் உள்ள, இழுப்பறை இல்லாத கீழ்க் கேபினெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு முழுப் பலகை 2440க்கு 1220 மில்லி. அதில் பக்கப் பலகை 6 வரும்: குறுக்கே 2, நீளத்தில் 3. 400க்கு 700 கதவு ஒரு பலகையில் 9 வரும், தேவை 6. அடிப்பலகையும் உள்தட்டும் சேர்ந்து இன்னொரு பலகை. மிஞ்சும் துண்டில் மேல் சட்டம் வெட்டலாம். ஆக 18 மில்லி 3, முதுகுக்கு 6 மில்லி 1. கொட்டேஷனில் ஆறு, ஏழு என்று இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். இரண்டு என்று இருந்தாலும் கேளுங்கள்: இத்தனை துண்டும் இரண்டு பலகையில் அடங்காது. பலகையை மிச்சப்படுத்தத் தட்டுகளை நாருக்குக் குறுக்கே வெட்டுகிறாரா என்றும் பாருங்கள். முகத்து நார் 8 அடிப் பக்கமாக ஓடுகிறது. தட்டின் நீளமும் அதே பக்கம் ஓடினால்தான் சுமை தாங்கும். திருப்பி வெட்டிய தட்டு, மாவரைக்கும் இயந்திரத்தை ஏற்றி வைத்த சில மாதத்தில் தொப்பை போடும்.

படுக்கையறையில் கேள்வி தண்ணீர் அல்ல, வாசம். யூரியா பசையிலிருந்து பார்மல்டிஹைடு என்ற வாயு வெளியேறும். கண் எரிவதும் புது அலமாரியில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியும் அதனால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது இன்னும் வேகமாக வெளியேறும். எனவே இந்த அறைக்கு, அந்த வாயு குறைவாக வெளியேறும் தரமான ஈ 1 அல்லது ஈ 0 என்று தாளில் எழுதுங்கள். ஜப்பானியத் தரத்தில் எஃப் நான்கு நட்சத்திரம் என்று முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. சரவாக் ஆலைகள் ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதால் அந்த முத்திரை நமக்கு அந்நியமல்ல. பினோல் பசைப் பலகையிலும் இந்த நெடி மிகக் குறைவு. கைக்குழந்தை படுக்கும் அறைக்கு அதைப் போடுவது வீண் செலவு ஆகாது. எதைப் போட்டாலும் இழுப்பறையின் அடி, முதுகுப் பலகையின் பின்புறம் என்று கண்ணில் படாத முகங்களையும் மூடச் சொல்லுங்கள். நெடி அங்கிருந்துதான் வருகிறது.

துணி அலமாரிக்கு 18 மில்லி எம்.ஆர். போதும். முதுகுக்கு 3 மில்லி போடுவார்கள், 6 மில்லி கேளுங்கள்; அலமாரி சாயாமல் சதுரமாக நிற்பதே முதுகுப் பலகையால்தான். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்கு ஓர் அங்குல இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். தட்டு 750 மில்லிக்கு மேல் நீளம் போனால் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் ஏறும் தட்டு என்றால் 600. கதவுக்கு 15 மில்லி வேண்டாம்: கீல் கிண்ணத்துக்கு 35 மில்லி அகலம், ஏறத்தாழ 12 மில்லி ஆழம் குடைகிறார்கள், 15இல் குடைந்தால் மிஞ்சுவது காகிதம். 7 அடிக் கதவுக்குக் கீல் 4.

கட்டிலின் அடிப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை, வண்டு பார்க்கும். மாவுப்பொடிபோல மெல்லிய தூள் கட்டிலுக்குக் கீழே கொட்டினால் அது கறையான் அல்ல, துளைவண்டு. மாச்சத்து நிறைந்த பால்மரம், அதாவது ரப்பர் மரம், அதற்கு மிகவும் பிடிக்கும். போரான் மருந்தேற்றாத பால்மர ஏடு உள்ளே இருந்தால் வந்தே தீரும். வண்டு முட்டையிடுவது மூடாத மரத் துளையில். அடியிலும் வார்னிஷ் அடித்தால் அந்த வாசல் அடைபடும்.

கறையான் வேறு கதை, அது மண்ணிலிருந்து ஏறும். தோட்டத்து நிலத்தைச் சமன்படுத்தி எழுப்பிய வீடுகளுக்குக் கீழே பால்மரத்து வேரும் செம்பனைக் கட்டையும் புதைந்திருக்க வாய்ப்பு அதிகம். கொப்டோடெர்மஸ் வகைக் கறையான் உயிருள்ள பால்மரத்தையே தின்னும். புதைந்த கட்டை தீர்ந்தால் குழாய் ஓட்டை வழியாகச் சமையலறைக்கு வரும். விலை உயர்ந்த பலகையால் இதைத் தடுக்க முடியாது. தரையில் குழாய் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் சிமெண்டால் அடைத்து, மண்ணுக்கு மருந்து போட்ட பிறகே கேபினெட் ஏற வேண்டும். கொட்டேஷனில் இந்த வரிசையையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மருந்து போட்டவரும் கேபினெட் போட்டவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள்.

ஹாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிவி அலமாரிக்கு எம்.ஆர். 15 மில்லியே போதும். சாமி மேடை மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் கசிந்து விளிம்பு வழியே உள்ளே இறங்கினால் ஃபார்மிகா அப்படியே தோலாகக் கழன்று வரும். விளக்கு நிற்கும் இடத்தில் ஒரு கிரானைட் துண்டு பதியுங்கள். சுடருக்கு மேலே 2 அடியாவது திறந்திருக்கட்டும். மேல்தட்டு கருகுவது ஒரே நாளில் தெரியாது.

குளியலறைக் கதவுக்கும் அலமாரிக்கும் பிளைவுட்டே வேண்டாம், பி.வி.சி. போடுங்கள். கட்டுமான இடத்தில் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்திய கறுப்புப் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எந்த அறைக்கும் வாங்காதீர்கள். அந்த வழுவழுப்பான மேல்படலத்தில் பசை பிடிக்காது, ஒட்டியிருக்கும் சிமெண்ட் வாள் பல்லைத் தின்றுவிடும்.

சரக்கு இறங்கும் நாளில் குழுவிலிருந்து ஒருவர் நிற்கட்டும். 18 என்று எழுதிய பலகை 16.5 இருக்கலாம்; நான்கு மூலையிலும் அளவுகோல் வைத்துப் பாருங்கள், எவ்வளவு குறைந்தால் திருப்பி அனுப்புவது என்று தாளிலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள். மூலைக்கு மூலை அளந்து சமமா என்று பாருங்கள். விளிம்பில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரியும். 20 காசு நாணயத்தால் முகமெங்கும் தட்டிக்கொண்டே போனால் பொந்து உள்ள இடத்தில் ஓசை மாறும். அங்கே திருகு ஏறினால் பிடிக்காது.

பசைக்குச் சோதனை அடுப்பில்தான். சிங்க்குக்கு வந்த பலகையில் 3 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, 4 மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஒரு நாள் வெயிலில் காய வைத்து மறுபடி 4 மணி நேரம். ஆய்வுக்கூடத்தில் 60 டிகிரிச் சூட்டில் 16 முதல் 20 மணி நேரம் உலர்த்துவார்கள், வீட்டுக்கு வெயில் போதும். பிறகு ஓர் உளியை விளிம்பில் வைத்து நெம்புங்கள். மரம் நார் நாராகக் கிழிந்தால் பசை நல்லது. ஏடு சீட்டுக்கட்டுபோல வழுவழுப்பாகப் பிரிந்தால் மொத்தச் சரக்கையும் அதே லோரியில் திருப்பி அனுப்புங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கடையில் மாதிரித் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். அந்தத் துண்டையும் திருத்திய தாளையும் கொண்டு வந்தால் கொதிக்க வைத்து, நெம்பிப் பார்த்து, அறை வாரியாக வரிகளை எழுதிக் கொடுக்க நாங்கள் தயார். கூலி வேண்டாம், காஸ் செலவு மட்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத் தச்சர்கள் சிலர்