‘இவனை விசாரித்துக்கொள்’

பெறுநர்: பென்சில்வேனியா மருத்துவமனையின் முதல் நிர்வாகிகள் பன்னிருவர், பிலடெல்பியா, 1751

ஐயன்மீர்,

நீங்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. உங்கள் தலைவர் ஜோஷுவா கிராஸ்பி 1755இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் எழுத்தர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1790 வரை இருந்தார். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையின் சேர்க்கை மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவள். “கூட வந்திருப்பது யார்? முன்பணம் கட்டுவது யார்?” இந்த இரண்டு கேள்விகளையும் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகு பழைய மருத்துவமனைகளின் கதைகளைத் தேடித் தேடி வாசித்தேன். அப்போதுதான் உங்கள் விதிமுறைகள் கண்ணில் பட்டன. என்னுடைய இரண்டு கேள்விகளும் அங்கே எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தன.

முதலில் உங்கள் முத்திரை. இயேசு சொன்ன கதை அது: கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை ஆசாரியனும் லேவியன் என்ற ஆலய ஊழியனும் பார்த்தும் விலகிப் போனார்கள், யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்தான் ஒருவன் நின்று காப்பாற்றினான். நல்ல சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்தில் கொண்டுவந்து சேர்க்கிற காட்சி, கூடவே லூக்கா பத்தாம் அதிகாரத்து வாசகம். தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் இப்படிப் போகும்: சமாரியன் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுத்து, “நீ இவனை விசாரித்துக்கொள், அதிகமாய் ஏதாகிலும் இவனுக்காகச் செலவழித்தால், நான் திரும்பிவரும்போது அதை உனக்குத் தருவேன்” என்கிறான். அந்தத் தமிழில் ஒருவரை விசாரிப்பது என்றால் அவருக்கு வேண்டியதைப் பார்த்துச் செய்வது. இன்று எங்களுக்கு விசாரணை என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. முத்திரையை முதல் பொருளில் பொறித்த நீங்கள், விதிகளை இரண்டாவது பொருளில் எழுதிவிட்டீர்கள்.

செய்த நல்லதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசினால் எனக்கே நாக்கு கூசும். மருத்துவர் தாமஸ் பாண்ட் இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பிராங்க்ளின் இதில் இருக்கிறாரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், அவர் பிராங்க்ளினிடம் போனார். மாகாணச் சட்டமன்றத்தில் கிராமப்புற உறுப்பினர்கள் முரண்டு பிடித்தார்கள். நகரத்துக்காரர்களுக்கு மட்டும் பயன்படும் மருத்துவமனைக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும், மருத்துவர்களின் சம்பளமே எல்லாவற்றையும் தின்றுவிடாதா என்றார்கள். பாண்ட் சகோதரர்கள் இருவரும் லாயிட் சக்கரி என்ற மருத்துவரும் மூன்றாண்டுகள் கூலியில்லாமல் நோயாளிகளைப் பார்ப்பதாக முன்வந்தார்கள். பிராங்க்ளின் ஒரு கண்ணி வைத்தார்: பொதுமக்களிடம் 2,000 பவுண்டு சேர்ந்தால் அரசும் 2,000 பவுண்டு தரட்டும். அவ்வளவு பணம் எங்கே சேரப்போகிறது, செலவில்லாமல் புண்ணியம் கிடைக்கட்டும் என்று உறுப்பினர்கள் கையைத் தூக்கினார்கள். பணம் சேர்ந்துவிட்டது. தம் அரசியல் தந்திரங்களில் இதைப்போல் மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்று அவரே பிற்பாடு எழுதிவைத்தார். இந்த ஒரு தந்திரத்துக்காக அவருக்குப் பல குற்றங்களை மன்னிக்கலாம்.

எந்த ஒரு சபையின் சொத்தாகவும் இல்லாமல் இதை நடத்தினீர்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. உங்களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் மிகுதி. ஆனால் ஆங்கிலிக்கப் பாதிரியாராக இருந்த ரிச்சர்ட் பீட்டர்ஸும் உண்டு, எந்த ஆலயத்துக்குள்ளும் முழுதாக அடங்காத பிராங்க்ளினும் உண்டு. காலமான ஜான் கின்சியின் வீட்டில் 1752 பிப்ரவரியில் முதல் நோயாளிகள் படுத்தார்கள். பன்னிரண்டு தகர உண்டியல்கள் செய்து, “மருத்துவமனைக்குத் தருமம்” என்று பொன்னெழுத்தில் எழுதி, ஆளுக்கொன்றாக உங்கள் வீடுகளில் மாட்டிக்கொண்டீர்கள். விருந்துக்கு வருகிறவன் உண்டியலைப் பார்க்காத மாதிரி எப்படி நடந்துபோவான்? அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி விதிகளுக்கு வருகிறேன்.

குணமாகாது என்று கருதப்படுகிற நோயாளிக்கு இடமில்லை, மனநோயாளிகள் மட்டும் விலக்கு. பெரியம்மைக்காரனுக்கும் சொறிசிரங்குக்காரனுக்கும் வேறு தொற்றுநோய் உள்ளவனுக்கும் தனி அறைகள் கட்டும்வரை இடமில்லை. கைக்குழந்தைக்காரி குழந்தையை வேறெங்காவது விட்டுவிட்டு வர வேண்டும். வெளியூர் ஏழை என்றால், செத்தால் புதைக்கும் செலவுக்கும் பிழைத்தால் ஊர் திருப்பி அனுப்பும் செலவுக்கும் ஜாமீன் வேண்டும். உள்ளே வந்தபின் சீட்டாட்டம், தாயக்கட்டை கூடாது, நகரத்தில் பிச்சை எடுக்கக் கூடாது. எழுந்து நடமாட முடிந்தவர்கள் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், துணி துவைத்துத் தேய்க்க வேண்டும், அறை கழுவ வேண்டும். குணமானவர்கள் தமக்கு வந்த நோயையும் இங்கே கிடைத்த பலனையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை வெளியிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இவற்றில் பாதி எனக்குப் புரிகிறது. ஒரு வார்டில் ஒரு பெரியம்மை நோயாளியைப் படுக்கவைத்தால் மறுவாரம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். பிச்சைத் தடையும் நன்றிச் சீட்டும் புரியவில்லை. புரிகிறது, பிடிக்கவில்லை என்று சொல்வதுதான் உண்மை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்தது முன்னுரிமை விதி. கட்டில்கள் குறைவு, வந்தவர்கள் அதிகம், எல்லோருக்கும் நோய் ஒரே அவசரம் என்றால் யாரைச் சேர்ப்பது? முதலில், நன்கொடையாளர் யாராவது சிபாரிசு செய்தவனை. அடுத்து, விண்ணப்பப் பட்டியலில் முந்தி நிற்பவனை. அதிலும் சமமென்றால் திருவுளச்சீட்டு. கடவுளுக்கு வாய்ப்பு மூன்றாவதாகத்தான் வருகிறது, ஐயன்மீர். முதல் இடம் பணம் கொடுத்தவருக்கு. பத்துப் பவுண்டு கொடுத்தால் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் உண்டு.

ஆனால் அதே விதிகளுக்கு நடுவில் ஒரு வரி இருக்கிறது: விபத்தில் உடனடிச் சிகிச்சை வேண்டி வருபவர்களுக்காகக் குறைந்தது ஒரு கட்டில் காலியாக வைக்கப்பட வேண்டும். எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் கையில் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்தவனுக்கான கட்டில் அது. எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றியது. இத்தனை விதிகளுக்குப் பிறகு உங்கள் முத்திரையில் இருக்கிற ஆளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கட்டில் என்பதும் உடனே தோன்றியது.

நீங்கள் வாசலில் திருப்பி அனுப்பியவன் எங்கே போனான்? ஏழைகளின் மேற்பார்வையாளரிடம். அங்கே உதவி வாங்குகிறவர்களுக்கு 1718ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் அடையாளம் உண்டு. வலது கைச்சட்டையின் தோளில், சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய பெரிய ரோமன் ‘பி’ எழுத்து. பாப்பர், அதாவது அரசு உதவியில் பிழைக்கும் ஏழை, என்பதன் முதல் எழுத்து. பக்கத்தில் அவனுடைய ஊரின் முதல் எழுத்து. இரக்கத்துக்கு உரிய ஏழை, இரக்கத்துக்கு உரியவன் அல்லாத ஏழை என்று உங்கள் காலத்துப் பக்தி ஏழையை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. கடவுள் கொடுத்த வறுமைக்கு மருத்துவமனை, சோம்பலால் வந்த வறுமைக்குத் தோளில் துணி. எது எந்த வறுமை என்று வாசலில் நின்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். சட்டையைப் பார்ப்போம், செருப்பைப் பார்ப்போம், கூட வந்தவரின் குரலைக் கேட்போம். நாங்களும் பெரும்பாலும் தப்பாகத்தான் கணித்தோம்.

மனநோயாளிகளை வேடிக்கை பார்க்க ஊர் திரண்டு வந்ததையும், 1760களில் அந்தக் கூட்டத்திடம் குறைந்தது நாலு பென்ஸ் கட்டணம் வாங்க உங்கள் நிர்வாகம் முடிவெடுத்ததையும் இந்த ஒரு வரியோடு விடுகிறேன்.

உங்களில் பெரும்பாலோர் பார்க்காத ஆண்டு 1793. அந்தக் கோடையில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரத்தில் நவம்பருக்குள் ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டனும் செப்டம்பரில் கிளம்பிவிட்டார். தொற்றுநோய்க்கு இடமில்லை என்ற உங்கள் விதி அப்படியே நின்றது, மருத்துவமனை காய்ச்சல்காரர்களைச் சேர்க்கவில்லை. ஏழையர் விடுதியும் கதவைச் சாத்தியது. நோயாளிகளைக் கொண்டுபோய் ஒரு சர்க்கஸ் கொட்டகையில் போட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொட்டகையைக் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டினார்கள். பிறகு ஊருக்கு வெளியே புஷ் ஹில் மாளிகை. ஸ்டீபன் ஜிரார்ட் என்ற வணிகரும் பீட்டர் ஹெல்ம் என்பவரும் தாமாக வந்து பொறுப்பேற்ற பிறகுதான் அது மருத்துவமனை என்று சொல்லும்படி ஆனது.

வீடுகளில் கிடந்தவர்களைப் பார்த்தது யார்? கறுப்பின மக்கள். இந்தக் காய்ச்சல் அவர்களைத் தொடாது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பி, அவர்களை உதவிக்கு அழைத்தார். அது தவறான நம்பிக்கை. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் தம் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைக் கூட்டி இறங்கினார்கள். நகரத்துச் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஜெபத்தில் மண்டியிட்டிருந்த ஜோன்ஸை, இது உன் இடமில்லை என்று பிடித்து எழுப்பியவர்கள் வெள்ளையர்கள். யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள் என்று யோவான் எழுதியது உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

ஜோன்ஸும் ஆலனும் 1794இல் வெளியிட்ட சிறு நூலில் ஒரு சன்னல் வருகிறது. சாகக் கிடக்கும் ஒருவன் மாடி அறைச் சன்னலில் நின்று, தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வாய் தண்ணீருக்குக் கெஞ்சுகிறான். வெள்ளையர்கள் பலர் அவன் குரல் கேட்காத தூரத்துக்கு வேகமாக நடந்துவிடுகிறார்கள். அயல்நாட்டார் போலத் தெரிந்த ஒருவரால் மட்டும் கடந்துபோக முடியவில்லை. உள்ளே போகவும் தைரியம் வரவில்லை. எட்டு டாலரைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொடுக்கிறவருக்கு இது என்று வருவோர் போவோரிடம் நீட்டுகிறார். ஒருவரும் வாங்கவில்லை. ஏழைக் கறுப்பர் ஒருவர் வருகிறார். “அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன் ஐயா, ஆனால் இதற்கு உங்கள் காசை வாங்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். தண்ணீர் கொடுத்து, செய்ய முடிந்த பணிவிடை எல்லாம் செய்கிறார்.

ஆசாரியன், லேவியன், சமாரியன் எல்லோரும் அந்த ஒரு தெருவில் இருக்கிறார்கள். அந்த மனிதர் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்துக்கொண்டார்.

பிறகு நடந்தது உங்களுக்கு வியப்பாக இருக்காது. மேத்யூ கேரி என்ற அச்சகத்தார் காய்ச்சலைப் பற்றிப் புத்தகம் போட்டு, கறுப்பினப் பணியாளர்கள் கொள்ளைக் கூலி பிடுங்கினார்கள் என்று எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் கோபத்தை அடக்கிக்கொண்டு கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். நகரத்தில் 1792இல் புதைக்கப்பட்ட கறுப்பினத்தார் 67 பேர், 1793இல் 305 பேர். காய்ச்சல் தொடாதவர்களின் கணக்கு இது. சாம்ப்சன் என்ற ஏழை கூலி எதிர்பாராமல் வீடு வீடாகப் போய்ப் பணிவிடை செய்து நோய் தொற்றி இறந்தார். அவரால் பயன்பெற்றவர்கள் அவருடைய குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பணிவிடை செய்த ஒரு வயதான கறுப்பினப் பெண்ணிடம், பிழைத்தெழுந்தவர் என்ன தரட்டும் என்று கேட்டபோது அவள் கேட்டது, குளிர்காலத்தில் ஒரு நாள் ஒருவேளைச் சாப்பாடு.

ஜோன்ஸ், ஆலன் இருவருடைய வரவு செலவையும் படித்துக் காட்டிவிடுகிறேன், நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். பிணங்களையும் படுக்கைகளையும் புதைத்ததற்கு வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிகளுக்குச் செலவு 33 பவுண்டு. ஐந்து ஆட்களின் கூலி 378 பவுண்டு. மூன்று பேர் 70 நாள், இரண்டு பேர் 63 நாள்.

“அதிகமாய் ஏதாகிலும் செலவழித்தால் தருவேன்” என்பது உங்கள் முத்திரையில் பொறித்த வாக்குறுதி. கைக்காசில் போனது 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். எந்த உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
சேர்க்கை மேசையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தி