செயலாளரின் ஆண்டறிக்கை: பேராசிரியர் எம். எம். சர்மாவோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வேதிப் பொறியாளர் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

மாதத்துக்கொரு தலைப்பு என்று தாவாமல், ஒரே பேராசிரியரின் வாழ்வையும் பணியையும் ஆண்டு முழுவதும் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். தேர்வானவர் மன் மோகன் சர்மா. 1937இல் ஜோத்பூரில் பிறந்தவர். பம்பாய் மாட்டுங்காவில் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்று, வேதிப் பொறியியல் பேராசிரியர் டாங்க்வெர்ட்ஸிடம் ஆய்வு செய்து 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்த டாங்க்வெர்ட்ஸ், இரண்டாம் உலகப் போரில் லண்டனில் விழுந்த கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்து 1940இல் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றவர். அவரைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் பாதி நேரம் வெடிகுண்டுக் கதையிலேயே போயிற்று. தடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

பட்டம் பெற்ற அதே ஆண்டு சர்மா மாட்டுங்காவுக்கே திரும்பிப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 27. விலையுயர்ந்த கருவிகள் எளிதில் கிடைக்காத காலம் அது. அவரும் அவருடைய மாணவர்களும் வளர்த்தெடுத்த வேதியியல் அளவீட்டு முறையைப் பற்றிய கூட்டமே இந்த ஆண்டின் உச்சம் என்பேன். ஆலையில் வாயுவைத் திரவத்தில் உறிஞ்சவைக்கும் ஒரு கோபுரத்திலோ கலக்கும் தொட்டியிலோ வாயுவும் திரவமும் ஒன்றையொன்று தொடும் பரப்பு எவ்வளவு? குமிழிகளை எண்ணி மாளாது. கார்பன் டை ஆக்சைடை எரிசோடாக் கரைசலில் செலுத்தினால், நிலைமைகளைச் சரியாக வைத்துக்கொள்ளும்போது, வாயு திரவத்தின் விளிம்பிலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. வினையின் வேகம் முன்பே தெரியும் என்பதால், உறிஞ்சப்பட்ட வாயுவின் அளவைக் கொண்டே தொடுபரப்பைக் கணக்கிட்டுவிடலாம். எரிசோடாவுக்குப் பதில் கார்பனேட்-பைகார்பனேட் கரைசலை வைத்தால் விளிம்பில் வினை மெதுவாகிறது. அப்போது கரைந்த வாயு திரவத்தின் உட்பகுதிக்குச் செல்லும் வேகம் கிடைக்கிறது. கோபுரம் அதுவே, வாயு அதுவே. கரைசலை மாற்றினால் விடை மாறுகிறது. கரைசலை அளந்து சொட்டவிடும் ஒரு பியூரெட் குழாயும் பொறுமையும் போதும். ஆலையில் கோபுரத்துக்கு அளவு குறிக்கும்போது நாம் நம்பும் எண்களில் பல இப்படி வந்தவை என்பதை அன்றுதான் அறிந்ததாகச் சில மூத்த உறுப்பினர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் சூடு பறந்தது. பேராசிரியர்கள் தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராகப் போனால் வகுப்பறை என்னாவது என்று இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். சர்மா இந்தியத் தொழில்துறைக்கு நெடுங்காலம் ஆலோசனை சொன்னவர். ஆனால் அவரிடம் ஆய்வு செய்தவர்கள் யார் என்று பாருங்கள்: பின்னாளில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநரான மஷேல்கர், வேதிப் பொறியியல் பேராசிரியர்களான ஜே. பி. ஜோஷி, ஜி. டி. யாதவ். ஆலைக்குப் போனதால் பாடம் கெட்டது என்ற வாதம் இவரிடம் எடுபடாது. எல்லோரும் சர்மா ஆகிவிட முடியுமா என்று அதே இளைஞர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான், விவாதம் தேநீர் ஆறும்வரை நீடித்தது.

விருதுகளுக்குத் தனிக்கூட்டம் வேண்டாமென்று நான்தான் சொன்னேன். பதிவுக்காக மட்டும்: அறிவியலுக்கான பட்நாகர் விருது 1973, பத்மபூஷண் 1987, பத்மவிபூஷண் 2001. 1990இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்திய வேதிப் பொறியாளர் அவரே. 1989 முதல் 1997 வரை தாம் படித்த துறைக்கே இயக்குநராக இருந்தார். அத்துறை 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

வருகைப் பதிவு ஆண்டின் தொடக்கத்தில் மெலிந்தும் அந்த விவாதத்துக்குப் பின் தடித்தும் காணப்படுகிறது. சண்டை இருந்தால்தான் வருவீர்கள் போலும்.

வரும் ஆண்டுக்கு எல். கே. துரைசாமியைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். வாயு, திரவம், திடம் என வெவ்வேறு நிலையில் உள்ள பொருள்களுக்கிடையே நடக்கும் பலபடித்தான வினைகளைப் பற்றிச் சர்மாவோடு சேர்ந்து 1984இல் இரண்டு தொகுதி நூல் எழுதியவர். நூலகத்தில் அந்தத் தொகுதிகளை எடுத்துப்போன உறுப்பினர், ஒப்புதல் வாக்கெடுப்புக்கு முன் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்