படிவத்தில் பிள்ளைக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமுதாயக் கூடம் ஒன்றில் ஒன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லித்தருகிறேன். விடுமுறைப் பட்டறைகளுக்குப் பெயர் கொடுக்கும் நாளில் மேசையில் உட்காருவதும் நான்தான். ஓவியம், பொம்மலாட்டம், நாடகம், களிமண், மரவேலை என்று ஐந்து பட்டறைகள். படிவத்தில் ‘விரும்பும் பட்டறை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாருடைய விருப்பம் என்று அதில் போடவில்லை. அம்மாவோ அப்பாவோ மளமளவென்று எழுதித் தந்துவிடுவார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன முறை ஒரு பையன், எட்டு வயது இருக்கும். அண்ணன் ஓவியத்தில் பரிசு வாங்கியவன் என்பதால் இவனையும் அதில் சேர்த்திருந்தார்கள். முதல் இரண்டு நாளும் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றான். மூன்றாம் நாள் ஓவிய ஆசிரியையிடம் சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட்டேன். ஒரு கோப்பை செய்தான். ஒட்டும் இடத்தை இரண்டு பக்கமும் கீறி, களிமண் குழம்பு தடவித்தான் கைப்பிடியை வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவன் அப்படியே அமுக்கி வைத்தான். காய்ந்ததும் விழுந்துவிட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன். மறுநாள் கால் மணி நேரம் முன்னாலேயே வந்து கதவருகே காத்திருந்தான். காய்ந்த மண்ணில் ஈர மண் பிடிக்காது என்பதால் புதுக் கோப்பைதான். ஒவ்வொரு கீறலையும் எண்ணி எண்ணிப் போட்டான். கைப்பிடி கொஞ்சம் கோணல், ஆனால் விழவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே விட்டுவிடச் சொல்லவில்லை. பொம்மலாட்டத்தைப் பார்த்தே இராத குழந்தையிடம் ‘உனக்கு எது வேண்டும்?’ என்று கேட்டால், பக்கத்துப் பிள்ளை சொன்னதைத்தான் சொல்லும். என் கட்சிக்கு எதிரான ஆய்வும் உண்டு. 1999-இல் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டது. எழுத்துகளை மாற்றிப்போட்ட சொற்புதிர்களை அமெரிக்கக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளோ, அம்மா தேர்ந்தெடுத்தது என்று சொன்னபோதுதான் இன்னும் நன்றாகச் செய்தார்கள். எனக்கே கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. ஆனால் அது சில நிமிடப் புதிர். பத்து நாள் தினமும் வந்து உட்கார வேண்டிய பட்டறை வேறு.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும் ‘பிள்ளை சொன்னதே சட்டம்’ என்று சொல்லவில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதை மதிக்க வேண்டும் என்கிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

கூடம் நடத்துபவர்களுக்கு என் யோசனை இது. முதல் நாள் யாரையும் எதிலும் சேர்க்க வேண்டாம். ஐந்து அறையையும் திறந்து வையுங்கள். பிள்ளைகள் மண்ணைப் பிசையட்டும், பொம்மையின் நூலை இழுக்கட்டும், உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கட்டும். அப்புறம் இரண்டு விருப்பங்களை வரிசையாகச் சொல்லட்டும். என் அறையில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். கூட்டம் சேர்ந்தால் பிள்ளைகள் கண்ணெதிரேயே சீட்டுக் குலுக்குங்கள். மூன்றாம் நாளுக்குள் ஒரு முறை மாறிக்கொள்ளவும் விடுங்கள். பதிவேட்டில் நாலு அடித்தல் திருத்தல் வரும். அந்தத் தலைவலியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெற்றோரின் கையெழுத்து கட்டாயம் இருக்கட்டும். அதற்கு மேலே, பிள்ளை தன் கையால் நிரப்ப இன்னொரு கட்டம் போடுங்கள். எழுதத் தெரியாத குழந்தை படம் வரைந்து காட்டட்டும்.

இப்படிக்கு,
களிமண் பட்டறை ஆசிரியை ஒருவர்