ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து எங்களை லாரிக் கம்பெனி ஆக்காதீர்கள்

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஃபெடரல் மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மையீர்,

வணக்கம். சனி ஞாயிறுகளில் கார் பந்தயம் ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பல பேரில் நானும் ஒருவன். முன்னால் பெரிய மோட்டார்ஹோம் (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி), பின்னால் மூடிய டிரெய்லர், அதற்குள் ஒரு பந்தயக் கார், ஒரு செட் உபரி டயர், கருவிப் பெட்டி. எங்கள் வண்டிகள் உங்களுக்குப் புதிதில்லை. 390.3 விதியில் எங்களுக்கு இருக்கும் விலக்கும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு தனிநபர் கூலி வாங்காமல், வியாபாரத்துக்காகவும் இல்லாமல், தன் சொந்தப் பொருளை எப்போதாவது எடுத்துப் போனால் அவருக்கு லாரிக்காரர்களின் விதிகள் கிடையாது. நியாயமான விலக்கு. அதை யாரும் குறை சொல்லவில்லை.

குறையெல்லாம் அந்த விலக்குக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் விளக்கத்தில் இருக்கிறது. பந்தயம், குதிரைக் கண்காட்சி, படகுப் போட்டி போன்றவற்றுக்குப் போகிறவர்களுக்கும், அங்கே பரிசுப் பணம் உண்டு என்றாலும், விலக்கு பொருந்தும் என்கிறீர்கள். சரி. உடனே நிபந்தனைகளும் வருகின்றன. பரிசுப் பணத்தை வரிக்கணக்கில் சாதாரண வருமானமாகக் காட்டியிருக்க வேண்டும். பந்தயச் செலவைத் தொழில் செலவாகக் கழித்திருக்கக் கூடாது. நிறுவன ஸ்பான்சர் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் போன பந்தயப் பருவத்தில் எங்களை நடுவழியில் நிறுத்தியது. எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை, அந்த அதிகாரியைத் திட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவர் மரியாதையாகத்தான் பேசினார். எடைச் சாவடிக்குள் வரச் சொன்னார், வந்தோம். உரிமம், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்தார். டிரெய்லரைத் திறக்கச் சொன்னார். காரின் முன் சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. எங்களுக்குப் பிரேக் பேடு விற்கும் கடையின் பெயர். வழக்கமாக வாங்குகிறவன் என்பதால் கடைக்காரர் விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார், பதிலுக்கு அந்த ஸ்டிக்கரை ஒட்டியிருந்தோம். "இவர் உங்களுக்கு ஏதாவது தருகிறாரா?" என்று அதிகாரி கேட்டார். தள்ளுபடி தருகிறார் என்று உண்மையைச் சொன்னேன். "அப்படியானால் ஸ்பான்சர் இருக்கிறார், இது வணிகப் பயணம்" என்று எழுதிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வரிசையாகக் கேள்விகள். வணிகப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு உங்கள் துறை தரும் டி.ஓ.டி. எண் எங்கே? மருத்துவச் சான்றிதழ் எங்கே? பணி நேரப் பதிவு எங்கே? வருடாந்திரப் பரிசோதனைச் சீட்டு எங்கே? கடைசியாக, வணிக ஓட்டுநர் உரிமம் எங்கே? எங்கள் மோட்டார்ஹோம் தனியாகவே வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான 26,001 பவுண்டு என்ற எடை எல்லையைத் தாண்டிய வண்டி. சொந்த உபயோகத்துக்கு அதை ஓட்ட என் மாநிலம் கேட்கும் உரிமம் என்னிடம் இருக்கிறது, வணிக உரிமம் இல்லை. அதனால் நான் அந்த வண்டியை அங்கிருந்து ஓரடி கூட நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் தன் வேலையை முடித்துவிட்டு, பக்கத்து மாநிலத்திலிருந்து கிளம்பி வரும்வரை, என் மனைவியும் பிள்ளைகளும் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அந்த மோட்டார்ஹோமிலேயே இரவைக் கழித்தார்கள். மறுநாள் காலைத் தகுதிச் சுற்றுக்குப் போய்ச் சேரவில்லை. நுழைவுக் கட்டணமும் திரும்பவில்லை. பணம் போனால் போகட்டும். என் பிள்ளைகள் கண்ணெதிரே, ஏதோ திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவனைப் போல நிற்க வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதே மோட்டார்ஹோம், அதே டிரெய்லர். உள்ளே பந்தயக் காருக்குப் பதில் ஊர் சுற்ற ஒரு ஜீப்பை ஏற்றியிருந்தால் அந்தச் சாவடியில் என்னை யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எடை மாறவில்லை. பிரேக் மாறவில்லை. ஓட்டுகிறவனும் மாறவில்லை. ஒரு ஸ்டிக்கரால் சாலையில் யாருக்கு என்ன ஆபத்து கூடிவிட்டது? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பந்தயங்களில் காரில் ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் விருப்பத்தில் இல்லை. பந்தயத்தை நடத்துகிறவர்களே தங்கள் ஆதரவாளர்களின் ஸ்டிக்கரைக் கொடுத்து, இது இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்கிறார்கள். அதற்காக எங்கள் கைக்குக் காலணா வருவதில்லை. ஆனால் சாவடியில் டிரெய்லர் கதவைத் திறந்து பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? டிரெய்லரின் வெளிப்பக்கத்தில் 'வாடகைக்கு அல்ல' என்று எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம். அதை எந்த அதிகாரியும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

வரி நிபந்தனையும் இதே கதைதான். பரிசுப் பணத்தை வருமானமாகக் காட்டியிருக்கிறேனா என்று நெடுஞ்சாலை ஓரத்தில் எதை வைத்துப் பார்ப்பார்கள்? வரிப் படிவத்தைக் காரோடு எடுத்துக்கொண்டு அலைய முடியுமா? அப்புறம், பொழுதுபோக்குச் செலவுகளை வருமானத்தில் கழிக்க 2018 முதல் வழியே இல்லை. பரிசு கிடைத்தால் முழுத்தொகைக்கும் வரி, செலவுக்கு எந்தக் கழிவும் கிடையாது. டயர் செலவுக்குக் கூடக் காணாத பரிசுப் பணத்தை வைத்து இது வியாபாரமா என்று ஆராய வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒருவர் தன் சொந்த வண்டியில் தன் சொந்தப் பந்தயக் காரைத் தானே இழுத்துக்கொண்டு போனால், கூலிக்கு அடுத்தவர் சரக்கை ஏற்றாதவரை அது வணிகப் பயணம் ஆகாது என்று எழுதுங்கள். தள்ளுபடி, இலவச எண்ணெய், ஒரு செட் டயர் போன்ற சின்னச் சின்ன உதவிகள் இதை மாற்றாது என்றும் சேர்த்து எழுதுங்கள். வழிகாட்டுதலாக எழுதாமல் விதியிலேயே எழுதுங்கள்.

விதியிலேயே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வழிகாட்டுதல்களுக்குச் சட்டத்தின் வலு இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மாநிலங்களோ உங்களிடம் பாதுகாப்பு நிதி வாங்குவதற்காக உங்கள் விதிகளை ஒட்டித் தங்கள் விதிகளை அமைத்துக்கொள்கின்றன. விதி ஒன்று, அதைப் படித்துப் புரிந்துகொள்வது மட்டும் மாநிலத்துக்கு மாநிலம், சாவடிக்குச் சாவடி வேறு. ஒரு மாநிலத்தில் கையசைத்து அனுப்புகிறார்கள். எல்லை தாண்டினால் அதே தாளை வைத்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். பந்தயத் தளமோ பெரும்பாலும் அடுத்த மாநிலத்தில்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பம் உங்கள் விதியோடு முடிவதில்லை. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 40 அடிக்கு மேல் 45 அடி வரையுள்ள மோட்டார்ஹோமை ஓட்ட அங்கே வணிகம் சாராத பி வகுப்பு உரிமம் வேண்டும். தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பின்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்து மொத்த நீளம் 65 அடியைத் தாண்டக் கூடாது. 45 அடி மோட்டார்ஹோம் தனியாகச் சரி, ஒரு கார் கொள்ளும் 24 அடி டிரெய்லர் தனியாகச் சரி, இரண்டையும் கோத்தால் சட்டத்துக்குப் புறம்பு. இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு மாநிலத்தின் சட்டப் புத்தகத்தையும் ஒருவர் தானாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. நீளமும் உரிம வகுப்பும் மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை, அவற்றுக்கு உங்களைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. இருந்தாலும் இத்தனையையும் சமாளித்துவிட்டு வருகிறவனை உங்கள் ஒரு வரி கடைசியில் கவிழ்க்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கனமான வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது பந்தயம் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு சக்கர நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிப் பார்க்கிறோம். டிரெய்லர் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைக் குனிந்து படித்து, எந்த வருஷம் எந்த வாரம் செய்த டயர் என்று பார்க்கிறோம். வெளியே பளபளவென்று இருந்தாலும் பழைய ரப்பர் நெடுஞ்சாலையில் வெடிக்கும் என்பது அனுபவப்பட்ட எல்லோருக்கும் தெரியும். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சுவிட்சின் பின்னை உருவி, சக்கரம் பிடிக்கிறதா என்று சோதிக்கிறோம். இவற்றையெல்லாம் சாவடியில் தாராளமாகச் சோதியுங்கள். பிரேக் சரியில்லை என்றால் நிறுத்துங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டோம். கனரக வண்டிக்கு வணிகம் சாராத தனி உரிமத் தேர்வு எல்லா மாநிலங்களிலும் வந்தாலும் முதல் ஆளாக நிற்கத் தயார். அன்றைக்கு எங்களை நிறுத்தியவர் ஒரு டயரைக் கூடக் குனிந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

குதிரை வளர்ப்பவர்களும் படகுக்காரர்களும் இதே விளக்கத்தின் கீழேதான் வருகிறார்கள். அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஸ்பான்சர் பற்றிய அந்த நிபந்தனையையும் வரிக்கணக்கு நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள். கூலிக்குச் சரக்கு ஏற்றாத, சொந்தக் காரைத் தானே இழுத்துப் போகும் பொழுதுபோக்குப் பந்தயக்காரருக்கு விலக்கு உண்டு என்று 390.3 விதியிலேயே எழுதுங்கள். அந்தத் திருத்தத்தை முன்வைத்துப் பொதுமக்களின் கருத்தைக் கேளுங்கள். அதுவரை, சாவடியில் காட்டினால் எல்லா மாநில அதிகாரிகளும் ஏற்கும்படி ஒரு பக்கக் கடிதம் ஒன்றையாவது அடுத்த பந்தயப் பருவம் தொடங்குவதற்குள் வெளியிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
சொந்தக் காரைச் சொந்த வண்டியில் இழுத்துப் போகும் ஒரு பந்தயக்காரன்