கொடிக்கயிறு பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இதை எழுதும்போது என் மேசை மேல் ஒரு நீலக் கயிறு கிடக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கயிறுதான். ஓரிடத்தில் மட்டும் பிசிறு பிசிறாகக் கிளம்பி, மூன்று புரிகளில் இரண்டு அறுந்திருக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஜன்னல் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறான்.

திங்கட்கிழமை சொல்வதெழுதுதல் நேரத்தில் அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. டீ கொட்டிவிட்டது என்று வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறான். கையை விரிக்கச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகத் தோல் உரிந்து, சதை தெரிந்தது. அப்புறம்தான் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். வீட்டாரின் சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டு மாடியில் கட்டட வேலை நடக்கிறது. ஜன்னலுக்கு இன்னும் கிரில் வைக்கவில்லை. மொபைலில் மலையேறுபவர்கள் கயிற்றில் இறங்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து கயிற்றைக் கட்டில் காலில் கட்டியிருக்கிறார்கள். இவன் வெளியே தொங்கியதும் கட்டில் இழுபட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தது. கயிறு சிமெண்ட் விளிம்பில் தேய்ந்தது. பிடி வழுக்கி, கையை உரித்துக்கொண்டே வந்து, பூச்சு வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் விழுந்தான். அந்த மணல் இன்னும் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும் என்று அவன் அப்பா என்னிடம் சொன்னபோது அவருக்குக் குரல் வரவில்லை.

விசாரித்ததில், இன்னும் சில பிள்ளைகளும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் எல்லா வீட்டுக்கும் இந்தக் கடிதம்.

வீடியோவில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பாறையில் இறங்குபவரின் எடையை அவர் கை தாங்குவதில்லை. தொடையையும் இடுப்பையும் சுற்றிய ஹார்னஸ் என்ற பட்டைக் கச்சை தாங்குகிறது. அதில் மாட்டிய உலோகக் கருவிக்குள் கயிறு வளைந்து உராய்ந்து வேகத்தைக் குறைக்கிறது. கயிறு 10, 11 மில்லிமீட்டர் கனம். இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். விளிம்பில் தேயாமல் இருக்க உறை போடுவார்கள். கை நழுவினாலும் ஆளை நிறுத்த இன்னொரு ஏற்பாடு இருக்கும். நம் வீட்டில் இதில் எதுவுமே கிடையாது. சில பிள்ளைகள் கயிற்றை வயிற்றில் கட்டிக்கொள்கிறார்களாம். அப்படித் தொங்கினால் கயிறு விலா எலும்புக்குக் கீழே இறுக்கி மூச்சையே அடைக்கும். கழுத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

'ஒரு மாடிதானே' என்று நினைக்காதீர்கள். 10 அடி உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு விநாடிக்குள் தரை வந்துவிடும். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். இடையில் சன்ஷேட் வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி நடந்தது. கீழே வலை பிடித்துக்கொண்டு மாணவர்கள் நின்றார்கள். அப்படியும் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்த 19 வயது மாணவியின் தலை சன்ஷேடில் மோதி, அவர் உயிர் போய்விட்டது. பயிற்சி என்ற பெயரில் பெரியவர்கள் முன்னிலையிலேயே இப்படி நடந்திருக்கிறது.

இன்று மாலை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கிரில் வைக்காத ஜன்னல் இருக்கும் அறையைப் பூட்டிவையுங்கள். ஜன்னலையொட்டிக் கட்டில், மேசை இருந்தால் தள்ளிப் போடுங்கள். மாடியில் சும்மா கிடக்கும் கயிற்றை எடுத்து உள்ளே வையுங்கள். அப்படியே பிள்ளையின் உள்ளங்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறையும் டீ கொட்டியதாகத்தான் சொல்வார்கள். இந்த மாணவனின் நண்பர்கள் பயந்துபோய் ஒரு நாள் முழுக்க யாரிடமும் வாய் திறக்கவில்லை. தலையில் அடிபட்டிருந்தால் அந்த ஒரு நாளில் என்ன ஆகியிருக்கும்? யாராவது விழுந்துவிட்டால் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, கழுத்தை அசைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

உயரத்திலிருந்து இறங்கிப் பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை. முறையாகக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. டார்ஜிலிங்கில் 1954-லிருந்தும் உத்தரகாசியில் 1965-லிருந்தும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் நடக்கின்றன. என்.சி.சி. முகாம்களிலும் பயிற்சியாளர் மேற்பார்வையில் இதைச் செய்கிறார்கள். நம் பள்ளியில் யாருக்கு இந்த ஆசை இருக்கிறதோ அவர்கள் நேராக என் அறைக்கு வரலாம். திட்ட மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளிக் கூடத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் மீட்புக் கயிறு, ஹார்னஸ் எல்லாம் கொண்டுவந்து காட்டுவார். அந்த நீலக் கயிற்றையும் பக்கத்தில் வைப்போம். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கட்டாயம் பிள்ளையோடு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்