அந்தப் பூஜ்யத்துக்கு என்ன பொருள்?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நிலத்தடி நீர் ஆய்வு நடத்தும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் எடுக்கும் அளவீடுகளை டேட்டாபேஸில் ஏற்றித் தருவது என் பிழைப்பு. போன மாதம் ஒரு பென்டிரைவ் வந்தது. உள்ளே கடலோரக் கிணறுகளின் நீர்மட்டம், பல வருடத்துக்கானது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது அல்லவா, அதற்கு அடுத்த மாதம் ஒரு கிணற்றுக்கு நேரே வெறும் 0. தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. அப்படியானால் தண்ணீர் தரைமட்டத்துக்கே ஏறிவிட்டதா? கிணறு வற்றிக் கிடந்ததா? இல்லை, வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் ஆள் போகவே இல்லையா? அளந்தவர் பட்டம் வாங்கிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

இன்னொரு கிணற்றில் ஒரே மாதத்தில் முக்கால் மீட்டர் இறக்கம். படம் போட்டால் வறட்சி என்றுதான் தோன்றும். நேரில் போய்ப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் உயரமே முக்கால் மீட்டர்! அளக்கும் ஆள் மாறியிருக்கிறார். புது ஆள் சுவர் மேலிருந்து டேப்பை விட்டிருக்கிறார்.

எக்செல் மீதும் எனக்குக் கோபம் உண்டு. மார்ச்1, செப்ட்2 போன்ற மனித மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல், பெயர் வைக்கும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது.

புது சர்வருக்குப் பணம் கேட்கிறீர்கள், சரி, கேளுங்கள். அதோடு, அளவை எடுத்தவர் யார், எந்த இடத்திலிருந்து அளந்தார், அடியா மீட்டரா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அளக்காத மாதத்தில் கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணத்தைக் குறித்தால் போதும். தப்பைத் திருத்தும்போது பழைய எண்ணை அழிக்காதீர்கள். அதுவும் இருக்கட்டும், திருத்தியது ஏன் என்பதும் இருக்கட்டும். அப்புறம், திட்டப் பணத்தில் இந்த வேலைக்கென்று ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். மாணவர் கிளம்பும் வாரத்தில் அவசரமாகச் செய்கிற வேலை இல்லை இது.

அந்த 0ஐ நான் இன்னும் ஏற்றவில்லை. அந்தக் காலத்துக் களநோட்டு யாருடைய அலமாரியிலாவது கிடந்தால் சொல்லியனுப்புங்கள். முதுநகரிலிருந்து பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எண்களோடு மல்லுக்கட்டும் ஒருவன்